சூடான் புரட்சியை எப்படிப் படிப்பது? இடதுசாரி விவாதங்களில் அடிக்கடி எழும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் அண்மைக் காலத்தில் நடந்த மக்கள் எழுச்சிகளில், தெருத் தெருவாக அமைப்பு கட்டியது என்று சொல்லத்தக்கது சூடான்தான். ஆனால் அதைப் பற்றிப் பேச உட்காரும் இடதுசாரிகளில் பலர், கையில் ஏற்கெனவே வைத்திருக்கும் முடிவைத்தான் அதன்மேல் ஏற்றுகிறார்கள். ஒருவருக்கு அது ரஷ்யாவில் ஜார் விழுந்த 1917 பிப்ரவரி. இன்னொருவருக்கு அமெரிக்கச் சதி. வேறொருவருக்கு அரபு வசந்தத்தின் பிற்சேர்க்கை. கீழே உள்ள பதில்களும் நடுநிலையானவை அல்ல. புரட்சி எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்த முகாமில் சேர்கிறது என்று கேட்பதற்கு முன்னால், மக்கள் என்ன கட்டினார்கள், துப்பாக்கியும் கஜானாவும் கடைசியில் யார் கையில் இருந்தன என்று கேட்க வேண்டும் என்பது என் நிலை.

முதலில், நடந்தது என்ன?

2018 டிசம்பரில் ரொட்டி விலை 1 பவுண்டிலிருந்து 3 பவுண்டுக்கு ஏறியது. 13ஆம் தேதி தமாஸின் நகரில் பள்ளி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 19ஆம் தேதி ரயில்வே நகரமான அட்பராவில் ஆளுங்கட்சி அலுவலகம் எரிந்தது. 2019 ஏப்ரல் 6 அன்று கார்ட்டூமில் ராணுவத் தலைமையகத்தின் வாசலிலேயே மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தே நாளில், 30 ஆண்டுகள் ஆண்ட ஒமர் அல்-பஷீரை அவருடைய தளபதிகளே இறக்கினார்கள். ஜூன் 3 அன்று, ரமலான் நோன்பின் கடைசி நேரத்தில், அந்த உள்ளிருப்புப் போராட்டத்தைப் படைகள் சுட்டுக் கலைத்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் ராணுவமும் எதிர்க்கட்சிக் கூட்டணியும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டன. அப்துல்லா ஹம்டோக் பிரதமரானார். 2021 அக்டோபர் 25 அன்று ராணுவத் தலைவர் ஜெனரல் புர்ஹான் ஆட்சியைக் கவிழ்த்தார். 2023 ஏப்ரல் 15 முதல் புர்ஹானின் ராணுவமும், அவருடைய பழைய கூட்டாளி ஹெமெட்டியின் விரைவு ஆதரவுப் படையும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு நாட்டை அழித்து வருகின்றன.

ரொட்டி விலைக்காக நடந்த கலவரத்தைப் புரட்சி என்று ஊதிப் பெரிதாக்குகிறோமா?

ரொட்டி காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் விலையைக் குறைத்ததும் கூட்டம் வீட்டுக்குப் போயிருக்கும். முதல் வாரத்திலேயே முழக்கம் ‘விழட்டும், அவ்வளவுதான்’ என்று ஆகிவிட்டது.

2011இல் தெற்கு சூடான் பிரிந்தபோது எண்ணெய் உற்பத்தியில் முக்கால் பங்கு அதனுடன் போய்விட்டது. அந்த ஓட்டையை அடைக்க மானியத்தை வெட்டினார்கள். 2013 செப்டம்பரில் இதே காரணத்துக்காக எழுந்த போராட்டத்தில் ஏராளமானோரைச் சுட்டார்கள். அப்போதுதான் பேட்டைகளில் இளைஞர் குழுக்கள் முளைக்கத் தொடங்கின. ஆக 2018 என்பது திடீரென்று வெடித்ததல்ல. ஐந்தாண்டுகள் அடங்கி வேலை செய்தவர்கள் அதற்குள் இருந்தார்கள்.

அதற்கும் முன்னால் போனால், சூடான் மக்கள் ராணுவ ஆட்சியைத் தெருவிலிருந்து வீழ்த்துவது இது மூன்றாவது முறை. 1964 அக்டோபரில் பொது வேலைநிறுத்தத்தால் ஜெனரல் அப்பூத் போனார். 1985 ஏப்ரல் 6 அன்று நுமைரி போனார். 2019இல் உள்ளிருப்புக்கு ஏப்ரல் 6ஐத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. உலகில் இத்தனை முறை இதைச் செய்தவர்கள் அதிகம் பேர் இல்லை. ஒவ்வொரு முறையும் ராணுவம் திரும்பி வந்ததும் உண்மை.

பஷீர் அமெரிக்கத் தடைகளுக்கு ஆளானவர். அவரை வீழ்த்தியது வண்ணப் புரட்சி, அதாவது மேற்கு நாடுகள் தூண்டிவிட்ட ஆட்சி மாற்றம் என்று சில தோழர்கள் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். 2017 நவம்பரில் பஷீர் புதினைச் சந்தித்து அமெரிக்காவுக்கு எதிராகப் பாதுகாப்புக் கேட்டதையும், 2018 டிசம்பரில் டமாஸ்கஸ் போய் சிரியாவின் அன்றைய அதிபர் அசாத்தைப் பார்த்ததையும் ஆதாரமாகக் காட்டுவார்கள். அதே பஷீர்தான் 2015 முதல் சவுதிக் கூட்டணிக்காக ஏமன் போருக்குத் தன் படையை அனுப்பினார். அகதிகள் மத்தியதரைக் கடலைத் தாண்டாமல் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் தொடங்கிய திட்டத்துக்குப் பெயரே ‘கார்ட்டூம் செயல்முறை’. ஏகாதிபத்திய எதிர்ப்பு இவ்வளவு நெளிந்து கொடுக்குமென்றால் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை.

அவருக்குப் பின்னால் வந்த தளபதிகளையும் பாருங்கள். 2020 பிப்ரவரியில் புர்ஹான் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவை உகாண்டாவில் சந்தித்தார். மேற்கத்திய அரசுகள் தெருவில் நின்ற மக்களோடு இல்லை. ‘நிலைத்தன்மை’ தருவார்கள் என்று நம்பிய சீருடைக்காரர்களோடுதான் மேசைக்கு வந்தன.

முன்னால் நின்றவர்கள் டாக்டர்களும் வக்கீல்களும் ஆசிரியர்களும். தொழிலாளி வர்க்கம் எங்கே?

நியாயமான கேள்வி. ஊர்வல நாட்களை அறிவித்தது சூடான் தொழில்வல்லுநர் கூட்டமைப்பு. மருத்துவர், வழக்கறிஞர், பத்திரிகையாளர், ஆசிரியர் போன்றோரின் சட்ட அங்கீகாரமில்லாத சங்கங்கள் சேர்ந்தது அது. தொழிற்சங்கங்கள் ஏன் இல்லை என்றால், பஷீர் ஆட்சிக்கு வந்த 1989லேயே அவற்றைக் கலைத்துவிட்டார். ‘பொதுநலன்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் அரசு வேலையிலிருந்து துரத்தப்பட்டார்கள். ஒரு காலத்தில் சூடான் தொழிலாளர் இயக்கத்தின் தாய்வீடான அட்பரா ரயில்வேயில் பெருந்திரளாக ஆட்குறைப்பு நடந்தது. சங்கங்கள் என்று மிஞ்சியவை அரசின் கைப்பாவைகள்.

அப்படியிருந்தும் வர்க்கம் காணாமல் போய்விடவில்லை. 2019 தொடக்கத்தில் போர்ட் சூடான் துறைமுகத்தின் ஒரு பகுதியைப் பிலிப்பைன்ஸ் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டபோது, துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பஷீர் விழுந்ததும் அந்த ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது. ஏப்ரல் 23 அன்று அட்பராவிலிருந்து ஒரு ரயில், கூரைமேலும் ஆட்கள் தொங்க, கார்ட்டூம் உள்ளிருப்புக்கு வந்து சேர்ந்தது. மே 28, 29 தேதிகளில் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் விமான நிலையமும் வங்கிகளும் துறைமுகமும் முடங்கின.

நகரத்தின் உழைப்பாளிகளில் பெரும்பகுதி சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள்: டீ விற்கும் பெண்கள், ரிக்‌ஷா ஓட்டுபவர்கள், தினக்கூலிகள். இவர்களுக்கு ஆலை வாசல் கிடையாது, பேட்டைதான் அமைப்பிடம். அடுத்த கேள்விக்குப் பதில் இதில்தான் தொடங்குகிறது.

‘எதிர்ப்புக் குழுக்கள்’ என்பவை சூடானின் சோவியத்துகளா?

ரஷ்யப் புரட்சியில் தொழிலாளரும் படைவீரரும் அமைத்த மன்றங்கள்தான் சோவியத்துகள். ஆம் என்று சொல்ல ஆசையாக இருக்கும். கொஞ்சம் பொறுப்போம்.

ஒவ்வொரு பேட்டையிலும் இருபது, முப்பது பேர் கொண்ட குழு. போலீஸ் வண்டி வந்தால் டயரையும் கல்லையும் போட்டுத் தெருவை அடைப்பது, காயம்பட்டவரைத் தூக்கிப்போவது, ஊர்வல வழியைத் தீர்மானிப்பது இவர்கள் வேலை. தலைவர் கிடையாது, தலைவர் இருந்தால் பிடித்துப்போவார்கள் என்பது காரணம். இவர்களுடைய பலம் தெரிந்த நாள் 2019 ஜூன் 30. படுகொலைக்குப் பிறகு ராணுவம் இணையத்தைத் துண்டித்திருந்தது. வாட்ஸப் இல்லை, ஃபேஸ்புக் இல்லை. வீடு வீடாகத் தட்டியும், சுவரில் எழுதியும், துண்டுச்சீட்டு கொடுத்தும் நாடெங்கும் லட்சக்கணக்கானோரைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். ‘சமூக ஊடகப் புரட்சி’ என்று எழுதியவர்கள் அந்த ஒரு நாளுக்காவது பதில் சொல்ல வேண்டும்.

பஷீர் போன பிறகு இந்தக் குழுக்கள் மாவு எங்கே பதுக்கப்படுகிறது என்று கண்காணித்தன, ரொட்டிக் கடைகளில் விநியோகத்தைப் பார்த்துக்கொண்டன. 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு ‘பேச்சுவார்த்தை இல்லை, கூட்டு இல்லை, அங்கீகாரம் இல்லை’ என்ற மூன்று ‘இல்லை’களோடு வாராவாரம் போராட்டம் நடத்தின. 2022 பிப்ரவரியில் கார்ட்டூம் குழுக்கள் மக்கள் அதிகாரத்தை நிறுவுவதற்கான சாசனம் ஒன்றை வெளியிட்டன. பேட்டை மன்றம், அதன்மேல் மாநில மன்றம், அதன்மேல் தேசிய மன்றம் என்று கீழிருந்து மேலே அதிகாரத்தைக் கட்டுவதுதான் அதன் மையம். மற்ற மாநிலக் குழுக்களின் வரைவோடு அது அந்த ஆண்டிலேயே இணைக்கப்பட்டது. நம் காலத்தில் இப்படியொரு ஆவணத்தைத் தெருக்குழுக்களே விவாதித்து எழுதிய நாடு வேறெது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் சோவியத் என்றால் உற்பத்தியில் கை இருக்க வேண்டும், படைவீரர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். இரண்டும் இங்கே இல்லை. கெசிரா பாசனத் திட்டத்தின் விவசாயிகளோடும் துறைமுகத்தோடும் குழுக்களுக்கு நிலையான இணைப்பு உருவாகவில்லை. சாசனம் வந்ததும் தாமதமாக. தெரு அவர்கள் வசம் இருந்த 2019 ஏப்ரல், மே மாதங்களில் மன்றங்களைப் பற்றிய பேச்சே இல்லை. எனவே இரட்டை அதிகாரம் (அரசுக்கு இணையாக மக்கள் மன்றங்களும் ஆளும் நிலை) என்று எழுதுபவர்கள் சற்று அவசரப்படுகிறார்கள். இரட்டை அதிகாரத்துக்கான விதை என்றால் ஏற்கலாம்.

2019 ஆகஸ்ட் ஒப்பந்தம் துரோகமா, தவிர்க்க முடியாத சமரசமா?

விவாதம் மிகவும் சூடாவது இங்கேதான். கையெழுத்திட்டவர்களின் வாதத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். ஜூன் 3 ரத்தம் காயவில்லை. எதிரே இரண்டு ஆயுதப்படைகள், அவற்றுக்குப் பின்னால் ரியாத், அபுதாபி, கெய்ரோ. இன்னொரு மோதல் என்றால் சிரியாவோ லிபியாவோ ஆகிவிடும் என்ற பயம். இடைக்கால ஆட்சி கிடைத்தால் மூச்சுவிடலாம், சங்கங்கள் கட்டலாம், தேர்தலுக்குப் போகலாம். முட்டாள்தனமான வாதம் இல்லை இது.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். இறையாண்மைக் குழுவில் 11 பேர்: ராணுவத்திலிருந்து 5, குடிமக்களிலிருந்து 5, இரு தரப்பும் ஒப்பிய ஒருவர். மொத்தம் 39 மாதத்தில் முதல் 21 மாதம் ராணுவத் தலைமை. பாதுகாப்பு, உள்துறை அமைச்சர்களை ராணுவமே நியமிக்கும். மூன்று மாதத்தில் அமைய வேண்டிய இடைக்காலச் சட்டமன்றம் கடைசிவரை அமையவே இல்லை. அரசு வளங்களில் 80 விழுக்காடு நிதியமைச்சகத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிறது என்று பிரதமர் ஹம்டோக்கே புலம்பினார். ராணுவத்தின் கம்பெனிகளும், மேற்கு சூடானின் டார்ஃபூரில் ஜெபல் ஆமர் தங்கச் சுரங்கத்தைக் கைப்பற்றி வளர்ந்த ஹெமெட்டி குடும்பத்தின் வணிகமும் அந்த 80க்குள் அடக்கம்.

ஆக, துப்பாக்கியும் கஜானாவும் அவர்களுக்கு, சம்பள பாக்கியும் ரொட்டி வரிசையும் இவர்களுக்கு. கிடைத்த பங்கையும் சிவில் அரசு சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) திட்டத்துக்கு ஒப்படைத்தது. எரிபொருள் மானியம் போனது. 2021 பிப்ரவரியில் ஒரே நாளில் டாலருக்கு 55 பவுண்டு என்றிருந்த அதிகாரபூர்வ மதிப்பு 375 ஆனது. விலையேற்றத்தை எதிர்த்து எழுந்தவர்கள், தாங்கள் கொண்டுவந்த அரசின் கையாலேயே அதைவிடப் பெரிய விலையேற்றத்தைப் பார்த்தார்கள். தலைமைப் பொறுப்பு ராணுவத்திடமிருந்து குடிமக்களுக்குக் கைமாற வேண்டிய நேரம் நெருங்கியபோது புர்ஹான் ஆட்சியைப் பறித்தார். அதற்குள் ஹம்டோக் அரசுக்காக உயிரைக் கொடுக்க யாருக்கும் மனமில்லை. மக்கள் தெருவுக்கு வந்தார்கள், ஆனால் அந்த அரசை மீட்க வரவில்லை. நவம்பர் 21 அன்று ஹம்டோக் புர்ஹானோடு மறுபடி கையெழுத்திட்டுப் பதவிக்குத் திரும்பியபோது அவர்கள் அவரையும் எதிர்த்தே கோஷம் போட்டார்கள். 2022 ஜனவரியில் அவர் விலகினார்.

துரோகம் என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன், அது ஆட்களின் குணத்தைப் பற்றிய விவாதமாக முடிந்துவிடும். கணக்கு தப்பு என்பேன். ரத்தம் சிந்தாமல் இருக்கத்தான் ஒப்பந்தம் என்றால், 2023க்குப் பிறகு சிந்திய ரத்தத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

ராணுவத்தை உள்ளிருந்து பிளந்திருக்க முடியுமா?

ஒரு சாளரம் திறந்தது. 2019 ஏப்ரலில், உளவுத்துறையின் ஆட்கள் உள்ளிருப்பைத் தாக்கியபோது, கீழ்நிலை அதிகாரிகளும் சிப்பாய்களும் மக்களைக் காக்கத் திருப்பிச் சுட்டார்கள். அதில் சிப்பாய்களும் இறந்தார்கள். பஷீரை மேல்மட்டம் அவசரமாக இறக்கியதற்கு இந்தப் பிளவு பற்றிய பயமும் காரணம் என்பது என் ஊகம்.

அந்தச் சிப்பாய்களிடம் யார் போய்ப் பேசினார்கள்? உள்ளிருப்புக்குள் அவர்கள் டீ குடித்தார்கள், தோளில் தூக்கப்பட்டார்கள். அமைப்பாகச் சேர்க்கப்படவில்லை. 2020 பிப்ரவரியில் மக்கள் பக்கம் நின்ற அதிகாரிகளில் சிலரை ராணுவம் வீட்டுக்கு அனுப்பியது. அதை எதிர்த்துக் கார்ட்டூமில் ஊர்வலம் போனவர்கள்மேல், ‘புரட்சி அரசு’ இருக்கும்போதே, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது.

சூடான் கம்யூனிஸ்ட் கட்சி என்ன செய்தது?

1946இல் தொடங்கிய கட்சி. ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய கம்யூனிஸ்ட் கட்சிகளில் ஒன்று. அதன் முதுகெலும்பு முறிந்தது 1971 ஜூலையில். மேஜர் ஹாஷிம் அல்-அத்தா தலைமையில் இடதுசாரி அதிகாரிகள் நுமைரியைக் கவிழ்த்தார்கள். மூன்று நாளில் அவர் திரும்பிவிட்டார். பொதுச்செயலாளர் அப்துல் காலிக் மஹ்ஜூப், தொழிற்சங்கத் தலைவர் ஷாஃபி அகமது அல்-ஷேக், தெற்கைச் சேர்ந்த ஜோசப் கராங் ஆகியோர் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1969இல், அதே நுமைரியைக் கட்சியில் ஒரு பிரிவு ‘முற்போக்கு அதிகாரி’ என்று வரவேற்றிருந்தது. ‘நல்ல கர்னல்’ ஒருவரைத் தேடும் பழக்கம் நம் இயக்கங்களில் இன்னும் போகவில்லை என்பதால் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2019இல் கட்சி எதிர்க்கட்சிக் கூட்டணிக்குள் இருந்தது, ஒப்பந்தத்தை எதிர்த்தது, ஆனாலும் 2020 நவம்பர் வரை கூட்டணியை விட்டு வெளியே வரவில்லை. எதிர்ப்பதாகவும் சொல்லி உள்ளேயும் இருந்த அந்த ஒன்றே கால் ஆண்டில் குழுக்களின் இளைஞர்களிடம் வளர்ந்திருக்கக்கூடிய செல்வாக்கு வளரவில்லை.

அப்படியானால் கட்டப் புரட்சிக் கோட்பாடா, நிரந்தரப் புரட்சிக் கோட்பாடா, எது சரி?

முதலில் ஜனநாயகம், பிறகு சோசலிசம் என்று கட்டம் பிரிப்பவர்கள், அந்த ஜனநாயகத்தைக் கட்டப்போகும் ‘தேசிய முதலாளி’யை சூடானில் காட்ட வேண்டும். அங்கே பெரிய முதலாளி ராணுவமேதான். தங்கமும் எண்ணெயும் கால்நடை ஏற்றுமதியும் சீருடையோடு பின்னிக் கிடக்கின்றன. ‘ராணுவம் முகாமுக்குத் திரும்பட்டும், ஜஞ்சவீத் கலைக்கப்படட்டும்’ என்று மக்கள் முழங்கியது (ஜஞ்சவீத் என்பது டார்ஃபூரில் அரசு ஏவிய ஆயுதக் கும்பல், இன்றைய விரைவு ஆதரவுப் படையின் மூலம்) வெறும் ஜனநாயகக் கோரிக்கை போலத் தெரியும். நிறைவேற்றப் போனால் அது சொத்துரிமையில் கை வைத்தாக வேண்டும். இந்த அளவில், ஜனநாயகப் புரட்சியும் சோசலிசப் புரட்சியும் இடைவெளியில்லாத ஒரே தொடர்ச்சி என்னும் நிரந்தரப் புரட்சிக்காரர்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ‘சரியான தலைமை இருந்திருந்தால்’ என்று அவர்கள் முடிக்கும் வாக்கியம்தான் எதையும் விளக்குவதில்லை. 30 ஆண்டுகள் சங்கங்களை உடைத்த நாட்டில் அந்தத் தலைமை எந்த மண்ணிலிருந்து முளைக்கும் என்பதும் கேள்விதானே.

பெண்களின் பங்கு?

பல ஊர்வலங்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். பெண்ணின் உடையையும் நடமாட்டத்தையும் கண்காணித்து சவுக்கடி கொடுத்த பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களுக்குப் புரட்சி அன்றாட விஷயம். 2019 நவம்பரில் அந்தச் சட்டம் ரத்தானது. இடைக்கால அரசின் உருப்படியான சாதனைகளில் ஒன்று. அதிகாரப் பங்கீட்டு மேசையில் அவர்களுக்குக் கிடைத்த நாற்காலிகள் மிகக் குறைவு.

டார்ஃபூர், நூபா மலை மக்களுக்கு இது நைல் கரை நகரத்தாரின் புரட்சிதானே?

அந்த மனக்குறைக்கு வரலாறு உண்டு. டார்ஃபூரில் 2003 முதல் கிராமங்கள் எரிந்தபோது கார்ட்டூம் பெரிதாகக் கொதிக்கவில்லை. 2018இல் அரசு டார்ஃபூர் மாணவர்களைப் பிடித்து, சதிகாரர்கள் என்று பழி போட்டது. தலைநகரின் பதில்: ‘ஏ இனவெறியனே, திமிர் பிடித்தவனே, நாடே டார்ஃபூர்!’ நாற்பது ஆண்டுப் பிரித்தாளும் அரசியலை ஒரு முழக்கம் துடைத்துவிடாது என்றாலும், 1964இலும் 1985இலும் கேட்காத குரல் அது.

விளிம்பின் ஆயுதக் குழுக்கள் எல்லாம் புரட்சியின் பக்கம் என்று நினைத்தாலும் ஏமாறுவோம். அரசுக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் இடையிலான 2020 ஜூபா அமைதி உடன்பாட்டில் பதவி பெற்ற டார்ஃபூர் குழுத் தலைவர்கள் ஜிப்ரில் இப்ராஹிமும் மின்னி மினாவியும் 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்கு முன் அரண்மனை வாசலில் ராணுவத்தை அழைத்துப் போராடியவர்கள். நூபா மலையின் ஆயுதக் குழுத் தலைவர் அல்-ஹிலு 2025இல் ஹெமெட்டியோடு கூட்டுச் சேர்ந்தார்.

இந்தப் போரில் இடதுசாரி யார் பக்கம்?

இரண்டு படைக்கும் எதிர்ப்பக்கம். இதைச் சொன்னால் ‘இரண்டும் ஒன்றா?’ என்று மறுகேள்வி வரும். ஒன்றல்ல. டார்ஃபூரின் எல்-ஜெனீனாவில் மசாலித் இன மக்களையும், 2025 அக்டோபரில் எல்-ஃபாஷேரைப் பிடித்தபோது அந்நகர மக்களையும் விரைவு ஆதரவுப் படை கொன்று குவித்த விதம் இன அழிப்பு. ராணுவம் சந்தைகள்மேல் குண்டு வீசுகிறது, அதன் நிழலில் பஷீர் காலத்து இஸ்லாமியவாதிகள் ஆயுதத்தோடு திரும்புகிறார்கள். அரசு சிதறிவிடக் கூடாது என்பதற்காக ராணுவத்தை ஆதரிக்கும் இடதுசாரிகள் இருக்கிறார்கள். உயிர் தப்ப வேறு வழி தெரியாமல் அதன் பின்னால் போகும் ஊர்க்காரரை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஜஞ்சவீத்தைப் பெற்றெடுத்து, 2013இல் அதற்குப் புதுப்பெயர் சூட்டி, ஜூன் 3 அன்று அதோடு சேர்ந்து நின்றது இந்த அரசுதான் என்பதை மறந்து கோட்பாடு கட்டக் கூடாது.

இப்போது புரட்சியில் என்னதான் மிச்சம்?

போர் தொடங்கிய சில நாட்களிலேயே எதிர்ப்புக் குழுக்களின் இளைஞர்கள் பலர் ‘அவசர உதவி அறைகள்’ அமைத்தார்கள். பொதுச் சமையற்கூடம், மருந்து, தண்ணீர், சண்டைப் பகுதியிலிருந்து ஆட்களை வெளியேற்றுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்த நாட்டில், ஐ.நா. வண்டி போகாத இடங்களில் சோறு போட்டவர்கள் இவர்கள்தான். இரு தரப்பும் இவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தன, கொன்றன.

இது தொண்டுநிறுவன அரசியலில் கரைந்துவிடும் என்று சில தோழர்கள் எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கை பொய்யல்ல: 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றபோது நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டன. வெளிப்பணம் தரும் கை நிபந்தனையும் தரும். ஆனால் அந்தத் தோழர்கள் வேறென்ன செய்யச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பசியில் கிடக்கும் பேட்டையில் மன்றம் கூட முடியாது.

இதெல்லாம் நமக்கெதற்கு? இந்தியாவுக்கு இதில் தொடர்பு உண்டா?

உண்டு. 2003இல் கனடா நிறுவனம் ஒன்று மனித உரிமை விமர்சனங்களுக்குப் பின் சூடான் எண்ணெயை விட்டு வெளியேறியபோது, அதன் 25 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது நம் பொதுத்துறையின் ஓ.என்.ஜி.சி. விதேஷ். 2019 டிசம்பரில் கார்ட்டூமின் வடபகுதியில் செராமிக் தொழிற்சாலை எரிந்தபோது அங்கே வேலை செய்த இந்தியர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். சூடான் தங்கம் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் ஐக்கிய அரபு அமீரகம். அந்நாட்டிலிருந்து தங்கம் வாங்கும் பெரிய நாடுகளில் இந்தியா ஒன்று. இங்கிருந்து ஒரு தீர்மானம் போடுவதென்றால், ‘சூடான் மக்கள் போராட்டம் வெல்க’ என்று எழுதுவதோடு, அமீரகத்திலிருந்து வரும் தங்கத்துக்குச் சுரங்கம் வரை பிறப்பிடச் சான்று வேண்டும், இரு படைக்கும் ஆயுதம் போகக் கூடாது, சூடானிய மாணவர்களின் விசாவைப் போர் முடியும்வரை நீட்டிக்க வேண்டும் என்று மூன்று வரி சேர்த்து எழுதலாம்.